முப்பத்தொரு இழுப்பு

"அந்த மிதவைகளோட நம்பர் தகடு எங்க? எனக்குப் பாக்கணும்."

கதவைத் தட்டாமல் உள்ளே வந்த ரோவீனா முதலில் கேட்டது இதைத்தான். முதலாளி ஹால்வர் காப்பிக் கோப்பையை உதட்டிலிருந்து எடுக்கவில்லை. அதன் விளிம்புக்கு மேலாக அவளைப் பார்த்தார். மூலையில் எதையோ பிரித்துப் போட்டுக்கொண்டிருந்த மெக்கானிக் டோமிங், கையிலிருந்த ஸ்பானரைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார்.

இதை மட்டும் கேட்காதே என்று, அவள் வேலைக்குச் சேர்ந்த அன்றே சொன்னவர் டோமிங்தான். "கழிப்பறை ஏன் நாறுதுன்னு கேளு. காப்பி ஏன் இப்படி இருக்குன்னு கேளு. மிதவை எங்கேருந்து வந்துச்சுன்னு மட்டும் முதலாளிகிட்ட கேட்டுராத. உனக்கு முன்னாடி இருந்த பையன் கேட்டான். சாயங்காலப் படகுல ஊருக்குப் போயிட்டான்."

அம்மாவும் போனில் அதையேதான் வேறு விதமாகச் சொன்னாள். "முதல் வேலை. வாய மூடிக்கிட்டு இரு." அம்மாவுக்கு மீன் டப்பா ஆலையில் முப்பது வருஷம். விரல்கள் இப்போது முழுதாக நிமிர்வதில்லை. அந்த வீட்டிலிருந்து கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் ரோவீனா. அலாஸ்காவின் இந்தத் தெற்குக் கரையில், தண்ணீரில் இறங்கும் மிதவை விமானம் ஓட்டும் வேலை தேடி வருகிறவர்கள் நூறு பேர். கிடைப்பது இரண்டு பேருக்கு. அதனால் பத்தொன்பது நாள் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

இன்று இருபதாவது நாள்.

"என்ன தகடு?" என்றார் ஹால்வர்.

"எந்த மிதவையிலயும் அதோட மூக்குகிட்ட ஒரு தகடு இருக்கும். அதுல நம்பர் இருக்கும். நம்மளுதுல ரெண்டு பக்கமும் இல்ல. ஆணி அடிச்ச ஓட்டை மட்டும் இருக்கு. மேல பெயிண்ட் அடிச்சு அடைச்சிருக்கு."

"கழண்டு விழுந்திருக்கும்."

"ரெண்டும் சேர்ந்து கழண்டு விழுந்து, அப்புறம் அதுவே பெயிண்டும் அடிச்சுக்கிச்சாக்கும்?"

டோமிங் இருமினார்.

"இன்னொண்ணு. இடது மிதவையில மூணாவது அறை. தினம் முப்பத்தொரு இழுப்பு தண்ணி."

மிதவை என்பது ஒரே பெட்டி அல்ல; உள்ளே தனித்தனி அறைகள். ஒன்று ஓட்டையானாலும் மற்றவை தாங்கும். காலையில் பறப்பதற்கு முன் ஒவ்வொரு அறையிலும் கைப்பம்பை வைத்து, கசிந்த தண்ணீரை இழுத்து வெளியேற்ற வேண்டும். எத்தனை இழுப்பு என்று எண்ணாத விமானி இந்தக் கரையில் கிடையாது. எண்ணிக்கை கூடினால் எங்கோ விரிசல் விட்டிருக்கிறது என்று அர்த்தம்.

"மிதவைன்னா கசியத்தான் செய்யும்மா."

"கசியட்டும். ஒரு நாள் பத்து வரும், ஒரு நாள் இருபது வரும். மழை பேஞ்சா கூடும். இது பத்தொன்பது நாளா முப்பத்தொண்ணு. ஒண்ணு கூடல, ஒண்ணு குறையல. நேத்து பூரா விமானம் கொட்டகையில காஞ்சுகிட்டு நின்னுச்சு. தண்ணியவே தொடல. இன்னிக்குக் காலையிலயும் முப்பத்தொண்ணு."

ஹால்வர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அது கடல் தண்ணியும் இல்ல. நக்கிப் பாத்தேன், உப்பே இல்ல. பழுப்பா இருக்கு. அழுகின இலை நாத்தம். நான் சேர்ந்ததுலேருந்து நம்ம விமானம் கடலைத் தவிர எங்கயும் இறங்கல. ஏரித் தண்ணி எப்படி வருது?"

ஹால்வர் மேசையில் கிடந்த சீட்டுகளைப் புரட்டினார்.

"எங்கப்பா காலத்துல விமானிங்க தண்ணிய இறைப்பாங்க," என்றார் ஹால்வர். "காலேஜ் படிச்ச புள்ள, நக்கிப் பாக்குது." தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துவிட்டு ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார். "ஸ்வான்சன் ஏரி. குடிசையில மூணு பேர். புருஷன், பொண்டாட்டி, ஒரு சின்னப் பொண்ணு. மத்தியானத்துக்கு மேல மழை. போய்க் கூட்டிட்டு வா. அப்புறம் தகடு கிகடு எல்லாம் பேசலாம்."

சீட்டை வாங்கிய கை அப்படியே நின்றது.

ஸ்வான்சன் ஏரியை அவளுக்குத் தெரியும். மிதவை விமானம் ஓட்டப் படித்த எல்லாருக்கும் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன் இதே நிறுவனத்தின் விமானம் அங்கே கவிழ்ந்தது. இந்த வகை மிதவைகளுக்கு அடியில் சக்கரமும் உண்டு. தரையில் இறங்கும்போது சக்கரம் கீழே, தண்ணீரில் இறங்கும்போது மேலே. ஒரே ஒரு சக்கரம் கீழே தொங்கினாலும் போதும். தண்ணீர் அதைப் பிடித்து இழுக்கும், விமானம் குட்டிக்கரணம் போடும், உள்ளே இருப்பவர்கள் தலைகீழாக பெல்ட்டில் தொங்கிக்கொண்டே மூழ்குவார்கள். அன்று மூழ்கியது நான்கு பேர். அப்பா, அம்மா, எட்டு வயது மகள். கூடவே விமானி ஓரின். சக்கரத்தை மேலே ஏற்ற மறந்துவிட்டான் என்றது அறிக்கை.

அவளுடைய கல்லூரித் தேர்விலேயே அந்தக் கேள்வி வந்தது. விபத்துக்குக் காரணம் என்ன? அலட்சியம், என்று ஒரே வார்த்தையில் எழுதினாள். முழு மதிப்பெண்.

படகுத்துறை வரை டோமிங் கூடவே வந்தார். அறுபதைத் தாண்டிய பிலிப்பினோக்காரர். துறைமுகத்தில் சின்னவர்கள் எல்லாரும் அவரை மனோங் என்றுதான் கூப்பிடுவார்கள், அண்ணே என்பது போல.

"மனோங், ஸ்வான்சன் ஏரிக்கு நம்ம ஆளுங்க கடைசியா எப்பப் போனாங்க?"

"அந்த விபத்துக்கப்புறம் போகல. இவங்களக்கூட வேற கம்பெனிதான் கொண்டுபோய் விட்டுச்சு."

"சரி, இது என்ன?" இடது இறக்கையின் அடியில் நான்கு திருகாணி ஓட்டைகளைக் காட்டினாள். "இங்க ஒரு கண்ணாடி இருந்திருக்கு. சக்கரம் மேல இருக்கா கீழ இருக்கான்னு பாக்கறதுக்கு. அத யாரு கழட்டினது?"

"எல்லாத்தையும் ஒரே நாள்ல கேட்டுருவியா நீ?" என்றார். கயிற்றை அவிழ்த்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "இன்னிக்குக் காத்தே இல்ல. ஏரி கண்ணாடியா கெடக்கும். கீழ பாக்காத."

"கண்ணாடித் தண்ணியில கீழ பாக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியாதா?"

"தெரியும்னு தெரியும். பாக்காத."

*

இருபது நிமிடத்தில் மலை விலகி ஏரி வந்தது.

உண்மையில் ஏரி வரவில்லை. வெள்ளை வானம் மேலே இருந்தது, இன்னொரு வெள்ளை வானம் கீழே இருந்தது. நடுவில் கறுப்பு மரங்கள், பாதி நேராக, பாதி தலைகீழாக.

புயலில் இறங்குவதுகூடத் தேவலை. அலை எங்கே இருக்கிறதென்று கண்ணுக்குத் தெரியும். காற்று செத்த நாளில் தண்ணீரே தெரியாது. நூறடி உயரத்தில் இருக்கிறோமா, ஒரு முழம் உயரத்திலா என்று கண் சொல்லாது. சொன்னாலும் பொய் சொல்லும். தண்ணீர் வந்துவிட்டதென்று ஐம்பதடி உயரத்திலேயே மூக்கைத் தூக்கி, கல் மாதிரி விழுந்து செத்தவர்கள் உண்டு. இன்னும் தூரம் இருக்கிறதென்று நம்பி நேராக உள்ளே போனவர்களும் உண்டு. அதனால் கரையோர மரங்களைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு, மூக்கைக் கொஞ்சம் தூக்கி, எஞ்சின் வேகத்தை விட்டுவிடாமல், அரிசி அளக்கிற மாதிரி உயரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். தண்ணீரைத் தேடக் கூடாது. அதுவாக வந்து தொடும்வரை காத்திருக்க வேண்டும்.

முதல் சுற்றில் மிதக்கும் மரக்கட்டை எதுவும் இல்லை என்று பார்த்துக்கொண்டாள். குடிசையின் முன்னால் மூன்று பேர் நின்று கையாட்டினார்கள். சிவப்பு மழைச்சட்டை போட்ட சின்ன உருவம் குதித்துக்கொண்டிருந்தது. தண்ணீர் எங்கே தொடங்குகிறதென்று அடையாளத்துக்காக, பின் இருக்கையின் மெத்தை ஒன்றை ஜன்னல் வழியாக எறிந்தாள். மிதப்பதற்கென்றே செய்த மெத்தை. வட்டம் வட்டமாக அலை விரிந்தது.

திரும்பி வந்தபோது வட்டங்கள் இருந்தன.

மெத்தை இல்லை.

'நனைஞ்சு அமுங்கியிருக்கும்,' என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். அது அமுங்காது என்று அவளுக்குத் தெரியும்.

இறங்கத் தொடங்கினாள். தனியாக இருந்தாலும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது இந்தத் தொழிலின் பழக்கம். சொன்னாள்.

"தண்ணியில இறங்கறேன். சக்கரம் மேல. நாலும் நீலம்."

சக்கரங்கள் நான்குக்கும் நான்கு விளக்கு. தரைக்குப் பச்சை, தண்ணீருக்கு நீலம். நான்கும் நீலமாக எரிந்தன.

ஹெட்போனில் க்ளிக் என்று ஒரு சத்தம்.

யாரோ மைக்கைத் திறந்த சத்தம் அது. பக்கத்து இருக்கையின் ஹெட்போன் கொக்கியில் மாட்டியிருந்தது. அதன் ஒயர் எதிலும் சொருகப்படாமல் தொங்கியது.

மூச்சுச் சத்தம் கேட்டது. சின்ன மூச்சு. ஜலதோஷம் பிடித்த பிள்ளை வாயால் விடுகிற மூச்சு.

அழுகிய இலையின் நாற்றம் விமானி அறையை நிறைத்தது. கூடவே ஈரக் கம்பளியின் நாற்றம்.

அறுபதடி.

கண்ணை மரங்களிலிருந்து எடுக்கக் கூடாது. எடுக்கவில்லை. பக்கத்து இருக்கையின் ரெக்சின், யாரோ முன்னால் நகர்ந்து உட்கார்ந்தது போலக் கிறீச்சிட்டது.

நாற்பதடி.

"ஓரின் அங்கிள்."

முப்பதடி.

"ஓரின் அங்கிள், ஒரு சக்கரம் கீழ தொங்குது."

பயந்த குரல் இல்லை அது. பள்ளிக்கூடத்தில் கேட்ட கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்லிவிட்ட பிள்ளையின் குரல். பாராட்டுக்குக் காத்திருக்கிற குரல்.

நாலும் நீலம்.

நாலும் நீலம்.

கீழே பார்த்தாள்.

தண்ணீருக்குள்ளிருந்து அவளுடைய விமானம் தலைகீழாக அவளை நோக்கி எழுந்து வந்துகொண்டிருந்தது. இரண்டு மிதவைகளும் தெளிவாகத் தெரிந்தன. வலது மிதவையின் வயிறு வழவழப்பாக இருந்தது. இடது மிதவையிலிருந்து ஒரு கறுப்புச் சக்கரம் வெளியே தொங்கியது.

அந்தப் பிம்பத்தின் ஜன்னல்களில் முகங்கள் இருந்தன. நான்கு. வாய்கள் திறந்திருந்தன. தலைமுடி எல்லாம் தொங்க வேண்டிய திசைக்கு எதிர்த் திசையில் தொங்கியது.

எஞ்சின் விசையை முழுக்கத் தள்ளினாள். விமானம் அலறிக்கொண்டு மேலே ஏறியது. மிதவையின் வால் எதையோ உரசியது. தண்ணீரா, வேறு எதுவா என்று அவளுக்குத் தெரியவில்லை. மரங்களின் உச்சி மிதவைகளுக்கு அடியில் பறந்தது. ஹெட்போனில் அந்தக் குரல் மறுபடியும், அதே தொனியில், அதே வேகத்தில்: "ஓரின் அங்கிள், ஒரு சக்கரம் கீழ தொங்குது." மலையைத் தாண்டும்வரை சொல்லிக்கொண்டே இருந்தது. எச்சரிக்கிற குரலாக இருந்தால் அவள் மேலே ஏறியதும் நின்றிருக்கும். நிற்கவில்லை. அதற்கு ரோவீனா ஒரு பொருட்டே இல்லை.

திரும்பிப் பார்த்தபோது கரையில் மூன்று பேரும் கையாட்டுவதை நிறுத்திவிட்டு அண்ணாந்து நின்றார்கள்.

*

நான்கு சக்கரத்தையும் இறக்கி, ஊர் ஓடுபாதையில் இறங்கினாள். நான்கு பச்சை விளக்கு. வெண்ணெயில் கத்தி போல இறங்கியது விமானம். அதுதான் அவளுக்கு அதிக எரிச்சலாக இருந்தது.

கொட்டகைக்குள் ஜாக்கி வைத்து விமானத்தைத் தூக்கி, டோமிங் சக்கரங்களை ஏற்றினார், இறக்கினார். பத்துத் தடவை. ஒன்றும் இல்லை. ஒரு சொட்டு எண்ணெய் கசியவில்லை.

"நல்லா இருக்கு," என்றார் ஹால்வர். "வெளிச்சம் ஏமாத்தியிருக்கும்."

"நான் பாத்தேன்."

"கண்ணாடித் தண்ணியில என்ன வேணா தெரியும். எங்கப்பா ஒருவாட்டி மாதாவையே பாத்தாரு." கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஒரு மணிக்குத் திரும்பப் போ. இல்லன்னா நானே எடுத்துட்டுப் போறேன். மழைக்கு முன்னாடி அவங்களக் கூட்டிட்டு வரணும்."

"அந்தச் சின்னப் பொண்ணு முன் சீட்டுல உக்காரும்."

"உக்காரட்டுமே? எல்லாப் பிள்ளைங்களுக்கும் அதான் ஆசை."

டோமிங் ஜாக்கியின் கைப்பிடியை விட்டார். தன் கருவிப் பெட்டியிடம் போனார். மேல் தட்டைத் தூக்கி, அடியிலிருந்து ஒரு எண்ணெய்த் துணி மூட்டையை எடுத்து, பிரித்து, மேசைமேல் வைத்தார். இரண்டு அலுமினியத் தகடுகள். ஓரங்களில் உளி பட்ட தடம்.

"ஏரியில தூக்கிப் போடச் சொன்னீங்க," என்றார். "போடல."

"டோமிங்."

"கவுந்த விமானம் போச்சு, மிதவை நல்லாதான இருக்குன்னீங்க. புதுசுக்கு ரெண்டு வருஷம் காத்திருக்கணும்னீங்க. நான்தான் கழட்டினேன். நான்தான் இதுல மாட்டினேன். இதோட கண்ணாடியையும் பாக்கப் பொறுக்காம நான்தான் கழட்டினேன். இந்தக் கையாலதான்." கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், வேறு யாருடையதோ போல. "புள்ள, ஓரினுக்கு ஒரு பழக்கம் உண்டு. இறங்கும்போது மைக் பட்டனை அமுக்கிட்டே இறங்குவான். முன் சீட்டுல பிள்ளைங்க இருந்தா அதுங்கள சக்கரம் பாக்கச் சொல்லுவான். விளையாட்டு மாதிரி. அன்னிக்கு இங்க நம்ம கம்பெனி அலைவரிசை மட்டும் கேக்குற ரேடியோ ஓடிட்டிருந்துச்சு. நாங்க ரெண்டு பேரும் சாண்ட்விச் தின்னுக்கிட்டிருந்தோம்."

"போதும் டோமிங்."

"நாலும் நீலம்னு ஓரின் சொன்னான். அந்தப் புள்ள கண்ணாடியப் பாத்துட்டு..."

"சொல்லாதீங்க மனோங்," என்றாள் ரோவீனா. குரல் அவளுடையதாகவே இல்லை. "நான் சொல்றேன். 'ஓரின் அங்கிள், ஒரு சக்கரம் கீழ தொங்குது.'"

டோமிங் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். ஏரியில் என்ன கேட்டதென்று அதுவரை அவள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

"அதுக்கு அவன் சிரிச்சான்," என்றார் டோமிங் மெல்ல. "'விளக்கு பொய் சொல்லாதுடா செல்லம்'னான். அவ்வளவுதான். அப்புறம் ஒண்ணும் கேக்கல."

அலட்சியம், ஒரே வார்த்தை, முழு மதிப்பெண்.

"அந்த விளக்கு ஒயரு எலி கடிச்ச மாதிரி கெடக்குன்னு ரெண்டு தடவ எழுதிக் குடுத்திருந்தேன்," என்றார் டோமிங்.

ஹால்வர் நாற்காலியில் உட்கார்ந்தார். கோபப்படவில்லை. களைத்துப்போனவர் மாதிரி இருந்தார். அதைப் பார்க்க இன்னும் அசிங்கமாக இருந்தது. "பன்னெண்டு குடும்பம் இந்தக் கொட்டகைய நம்பி இருக்கு. ஓரின் செத்துட்டான். செத்தவன் தலையில பழிய ஏத்தினா யாருக்கு வலிக்கும்?"

"அவனோட அம்மா வெக்கப்பட்டுக்கிட்டு இன்னும் சர்ச்சுக்குப் பின்வாசல் வழியாத்தான் போறாங்க," என்றார் டோமிங்.

ரோவீனா தகடுகளை எடுத்துச் சட்டைப் பையில் போட்டாள். சுவரில் கொக்கியில் தொங்கிய, ஊர்ப் பொது அலைவரிசையில் பேசும் கை ரேடியோவை எடுத்தாள்.

"அத வை," என்றார் ஹால்வர். "அதுல கம்பெனி விஷயம் ஒரு வார்த்தை பேசினா, இந்தக் கரையில உன்னை ஒருத்தன் துடைப்பம் பிடிக்கக்கூடச் சேக்க மாட்டான். அம்மாகிட்ட கேட்டுப் பாரு, மீன் வெட்ட இடம் இருக்கான்னு."

அவர் சொன்னது உண்மைதான். இந்தக் கரையில் அந்த அலைவரிசை எல்லாப் படகிலும் ஓடும், எல்லா அடுப்படியிலும் ஓடும், மற்ற விமானக் கம்பெனிகளின் கொட்டகையில் ஓடும். டப்பா ஆலையின் சாப்பாட்டு அறையில் ஓடும். இப்போது அங்கே இடைவேளை. அம்மா நிமிராத விரல்களால் கோப்பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

ஏரியில் தண்ணீரைக் குனிந்து பார்த்த அந்தக் கணத்திலேயே அவள் முடிவெடுத்துவிட்டாள். இங்கே வந்தது கேட்பதற்கல்ல, ஆதாரத்தை எடுத்துக்கொண்டு போவதற்கு.

"கேக்க வேண்டியதில்ல," என்றாள். "அவளே ரேடியோவுல கேட்டுக்குவா."

வெளியே நடந்தாள். முதலில் அந்த மூன்று பேரைக் கூட்டிவர வேறு கம்பெனி விமானத்தைக் கூப்பிட வேண்டும். அதன் பிறகு மிதவைகளின் நம்பர். அதன் பிறகு ஓரின் சொன்னது, பிள்ளை சொன்னது, ஒரு எழுத்து விடாமல்.

கொட்டகை வாசலைத் தாண்டும்போது பின்னால் சத்தம் கேட்டது.

கிறீச்... சளக்.

கைப்பம்பின் சத்தம். ஹால்வர் நாற்காலியில் இருந்தார். டோமிங் மேசையருகே நின்றிருந்தார். விமானம் காய்ந்த சிமெண்ட் தரையில், ஜாக்கியின் மேல், யாரும் தொடாமல் நின்றது. பம்பு காலையில் அவள் வைத்த இடத்தில், வெளியே அவள் கண்முன்னால், படகுத்துறைக் கம்பத்தில் சாய்ந்திருந்தது.

கிறீச்... சளக். தரையில் தண்ணீர் கொட்டும் சத்தம். அழுகிய இலையின் நாற்றம்.

எண்ண வேண்டாம் என்று நினைத்தபோதே எண்ணிவிட்டிருந்தாள். பழக்கம். ஓடுபாதையோரமாக நடந்துகொண்டே ரேடியோவின் பட்டனைத் தேடினாள். இருபத்தெட்டு. இருபத்தொன்பது. முப்பது. பின்னால் யாரோ நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்கள். முப்பத்தொன்று.

சத்தம் இதோடு நிற்க வேண்டும். இருபது நாளும் அங்கேதான் நின்றது.

கிறீச்... சளக்.

முப்பத்திரண்டு.

உள்ளே ஹால்வர் கத்தினார். அவள் திரும்பவில்லை. பட்டனை அமுக்கிக்கொண்டு நடந்தாள்.